ஸ்டாம்ப் கொங்கிரீட் கேட்பவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். முற்றத்துக்கு ஸ்டாம்ப் கொங்கிரீட் (ஈரக் கொங்கிரீட்டில் அச்சுக் குத்தி, கல் போலவோ செங்கல் போலவோ தோன்றச் செய்யும் தரை) போட விலை கேட்டு வருபவர்கள் முதலில் கேட்பது “என்ன டிசைன் இருக்கிறது?” என்றுதான். நாங்களோ “கீழே என்ன மண்?” என்று திருப்பிக் கேட்கிறோம். சிலருக்கு இதில் சலிப்பு. அதனால்தான் இந்த மடல்.

கபுக் மண் (இறுகிய செம்மண்) மேட்டுக் காணி என்றால் கவலை குறைவு. சதுப்பை நிரப்பி எழுப்பிய காணி மெல்ல மெல்ல இறங்கும். மேலே எவ்வளவு அழகான கல் அச்சு இருந்தாலும் வெடிப்பு அதைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகும். ஆகவே நிரப்பு மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்கி, மேலே குறைந்தது 4 அங்குலக் கொங்கிரீட் போடுகிறோம். கார் ஏறும் இடத்தில் கம்பி வலையும் உண்டு. கொங்கிரீட் காயும்போது சுருங்கி வெடிக்கத்தான் செய்யும்; எங்கே வெடிக்கலாம் என்பதை நாமே தீர்மானிக்கிறோம். 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு, கனத்தில் கால் பங்கு ஆழம். அச்சின் கோட்டோடு சேர்த்து வெட்டினால் பார்வைக்குப் பிடிபடாது.

நிறத்துக்குச் சீமெந்தும் நுண்ணிய மணலும் இரும்பு ஒட்சைட்டும் கலந்த பொடியை ஈரத் தரையில் தூவித் தேய்க்கிறோம். பழைய கொழும்பு வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரையிலும் இதே இரும்பு ஒட்சைட்தான். வெயிலுக்கு லேசில் வெளிறாது. அச்சு ஒட்டாமலிருக்க இன்னொரு பொடி, சற்றுக் கருமையாக. கழுவிய பிறகு அது பள்ளங்களில் மட்டும் தங்கி கல்லின் சாயலைத் தரும். முதல் நாள் மாலை தரையைப் பார்த்துவிட்டு “என்ன இது, கரி கொட்டினமாதிரி” என்று தொலைபேசி எடுக்காதவர்கள் குறைவு. கழுவும் வரை பொறுங்கள்.

அச்சு குத்தும் நேரம்தான் எங்களுக்குச் சோதனை. விரலால் அழுத்தினால் கால் அங்குலம் பதியவேண்டும். முந்தினால் அச்சு அமிழும், பிந்தினால் பதியாது. கொழும்பு வெயிலில் இந்த இடைவெளி மிகச் சின்னது, அதனால் விடிய 6 மணிக்கே தொடங்குகிறோம். ஒருமுறை லொறி பிந்தி வந்து மதியம்தான் கொட்டினோம். பின்னேரம் இடிமழை. தார்ப்பாய் பாதிக்குத்தான் காணும். மறுபாதியை எங்கள் செலவில் உடைத்துப் போட்டோம். ஒக்டோபர், நவம்பரில் நாங்கள் நாள் தரத் தயங்குவது அதனால்தான்.

சரி, டிசைன். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் 10 அடி அகல முற்றத்துக்குப் பெரிய பாறைப் பலகை அச்சு பொருந்தாது, எல்லாம் அரையும் குறையுமாக நிற்கும். செங்கல் அச்சோ சிறு கல் அச்சோ எடுங்கள். கோடுகள் குறுக்கே ஓடினால் இடம் அகன்று தெரியும். இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம். வெறுங்காலோடு நடக்கும் இடத்தில் கரும் நிறம் மதியத்தில் சுடும். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு வேண்டும், இல்லாவிட்டால் பள்ளங்களில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். கடைசியில் மேலே பூசும் காப்புப் பூச்சுதான் சீலர். பளபளப்பான சீலர் மழையில் வழுக்கும். வழுக்காப் பொடி கலந்தே பூசுகிறோம்.

வாசலில் கோலம் போடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். கரடுமுரடான அச்சில் மாக்கோலம் வராது. 4 அடிச் சதுரம் ஒன்றை வழவழப்பாக விட்டுத் தருவோம். பொங்கலுக்கு முற்றத்தில் அடுப்பு மூட்டுபவர்கள் கீழே மணல் பரப்பிச் செங்கல் அடுக்குங்கள். நேரே நெருப்பு பட்டால் சீலர் கருகும், மேற்பரப்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். விளக்கீட்டுக்குச் சிட்டிகளின் கீழே ஒரு தட்டு, எண்ணெய்க் கறை லேசில் போகாது. குளியலறை கழுவும் அசிட் பக்கத்திலும் வரக்கூடாது. 2, 3 வருடத்துக்கு ஒருமுறை சீலர் திரும்பப் பூசவேண்டும், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு முன் 2 அடியில் ஒரு மாதிரி செய்து தருவோம். அதை உங்கள் முற்றத்திலேயே வெயிலிலும் பாருங்கள், தண்ணீர் ஊற்றியும் பாருங்கள். அப்புறம், நாங்கள் அளவெடுக்க வருமுன் ஒரு மழை பெய்தால், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வையுங்கள்.

அன்புடன்,
தரை வேலைக் குழுவினர்
கொழும்பு