பதிப்பை உயர்த்தும் முன் அகரவரிசையைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 14ஆம் பதிப்புக்கான ஆதரவு 2026 நவம்பர் 12ஆம் நாளோடு முடிகிறது. 13ஆம் பதிப்புக்கு 2025 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்தாண்டுதான் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பது இந்தத் திறமூலத் திட்டத்தின் நெடுநாள் வழக்கம். அதனால் நூலகப் பட்டியல், உறுப்பினர் பதிவேடு, நோயாளி விவரம் என்று தமிழ்ப் பெயர்களையும் முகவரிகளையும் இதில் வைத்திருப்போர் 17 அல்லது 18ஆம் பதிப்புக்கு மாறியாக வேண்டும். மாறும்போது பழைய சர்வரின் லினக்ஸையும் சேர்த்தே மாற்றிவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தரவுத்தளம் எந்தப் பிழையும் காட்டாமல் வேலை செய்யும். தேடினால் மட்டும் சில வரிகள் கிடைக்காது.

காரணம் இதுதான். எழுத்துகள் உள்ள பத்திக்கு (அட்டவணையின் நெடுவரிசைக்கு) விரைவாகத் தேடுவதற்காகப் போடும் இண்டெக்ஸ், சொற்களை வரிசைப்படுத்தி அடுக்கி வைக்கிறது. எது முந்தி, எது பிந்தி என்ற விதியைப் பெரும்பாலான நிறுவல்களில் போஸ்ட்கிரெஸ் தானே வைத்துக்கொள்வதில்லை. லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்திடம் கேட்கிறது. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 அந்த விதி அட்டவணையைப் பெருமளவில் மாற்றியது. உபுண்டு 18.04இல் இருப்பது 2.27, 20.04இல் 2.31. சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது 2.17. டெபியன் 9இலிருந்து 10க்குப் போனாலும் இதே எல்லையைத்தான் தாண்டுகிறோம். பழைய கணினியின் தரவுக் கோப்பகத்தை அப்படியே புதியதில் வைத்தால், பழைய விதிப்படி அடுக்கியதைப் புதிய விதிப்படி தேட வேண்டிவரும். பழைய சர்வரிலிருந்து ஸ்ட்ரீமிங் முறையில் நகல் எடுக்கும் புதிய லினக்ஸ் சர்வருக்கும் இதே கதிதான்.

கதவு எண்ணை எடுத்துக்கொள்வோம். 1-1 என்று ஒன்று, 11 என்று ஒன்று. ஆங்கில யுடிஎஃப்-8 லொக்கேலில் (மொழி, வட்டார அமைப்பில்) பழைய ஜிலிப்சி 11ஐ முதலில் வைக்கும். புதியது 1-1ஐ முதலில் வைக்கும். இந்த இரண்டையும் ஒரு கோப்பில் வரிக்கொன்றாக எழுதி, இரு கணினிகளிலும் அதே லொக்கேலில் வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை கொடுத்துப் பாருங்கள். விடை மாறினால் உங்கள் இண்டெக்ஸ்களை நம்ப முடியாது. தேடல் தவறான பக்கத்தில் இறங்கி "இல்லை" என்று திரும்பும். இருக்கும் வீட்டை இல்லையென்று நினைத்து எழுத்தர் மறுபடியும் பதிவு செய்வார். ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது என்ற யுனிக் கட்டுப்பாடும் அதே இண்டெக்ஸைத்தான் கேட்கிறது. அதுவும் "இல்லை" என்றே சொல்லிப் புதிய வரியை உள்ளே விட்டுவிடும். பல மாதம் கழித்து இரட்டைப் பதிவுகள் தலைகாட்டும்போது, யாரோ கவனக்குறைவாகத் தட்டச்சு செய்தார்கள் என்று பழி ஊழியர் மேல் விழும்.

தரவுத்தளத்தின் இயல்பு லொக்கேலுக்கான கொலேஷன் (வரிசை விதி) பதிப்பு எண்ணைக் குறித்து வைத்து, மாறினால் எச்சரிக்கும் வசதி 15ஆம் பதிப்பில்தான் வந்தது. 14இலிருந்து பதிப்பு உயர்த்தும் கருவியான பிஜி-அப்கிரேடு வழியாக நேராக 18க்கு வந்தால் எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் பழைய பதிப்பில் அந்த எண்ணே பதிவாகியிருக்காது. 15க்குப் பிறகு வந்தவர்கள் செய்யும் தவறு வேறு. எச்சரிக்கை வந்ததும் "ரிஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன்" கட்டளையைக் கொடுத்து அதை வாயடைத்துவிடுகிறார்கள். அந்தக் கட்டளை குறித்து வைத்த எண்ணை மட்டுமே மாற்றும், இண்டெக்ஸைத் தொடாது. முதலில் ரீஇண்டெக்ஸ் (இண்டெக்ஸை மீண்டும் கட்டுதல்), அதன் பிறகே ரிஃப்ரெஷ். இந்த வரிசை மாறவே கூடாது.

தரவு சிறியதாக இருந்தால் பிஜி-டம்ப் கருவியால் நகல் எடுத்து, புதிய சர்வரில் பிஜி-ரீஸ்டோர் கொண்டு ஏற்றுவதே நல்லது. இண்டெக்ஸ் எல்லாம் புதிய விதிப்படி புதிதாகக் கட்டப்படும். முடிந்ததும் தரவின் புள்ளிவிவரத்தைத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்ட மறக்க வேண்டாம். தரவை வரி வரியாக நகலெடுக்கும் லாஜிக்கல் ரெப்ளிகேஷனும் பாதுகாப்பானதே. பிஜி-அப்கிரேடு மட்டும் இண்டெக்ஸ் கோப்புகளை உள்ளது உள்ளபடி கொண்டுவரும். அந்த வழியில் போவோர், 18இல் புதிய தரவுக் கோப்பகத்தை உருவாக்கும் இனிட்டிபி கட்டளை, செக்சம் என்ற தரவுச் சரிபார்ப்பை இயல்பாகவே இயக்கிவிடுகிறது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். பழையதில் செக்சம் இல்லையென்றால் அப்கிரேடு அங்கேயே நின்றுவிடும். பழைய சர்வரை நிறுத்திவிட்டு பிஜி-செக்சம்ஸ் கொண்டு அதில் செக்சம்மை இயக்கலாம். அவசரமென்றால் புதியதைச் செக்சம் இல்லாமல் தொடங்கலாம். முதல் வழிதான் என் பரிந்துரை. வட்டில் தரவு கெட்டிருந்தால், படிக்கும்போதே செக்சம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஏற்கெனவே மாறிவிட்டவர்கள் இண்டெக்ஸ்களைச் சோதிக்கும் பிஜி-ஏஎம்செக் கருவியை ஓட்டிப் பார்க்கலாம். இது 14ஆம் பதிப்பிலிருந்து உடன் வருகிறது. ஹீப்-ஆல்-இண்டெக்ஸ்டு விருப்பத்தையும் சேர்த்தால் அட்டவணையில் இருந்து இண்டெக்ஸில் விடுபட்ட வரிகளும் அகப்படும். எழுத்துப் பத்திகளின் இண்டெக்ஸ் மட்டும்தான் சந்தேகத்துக்குரியது. எண், தேதி, சி கொலேஷன் (எழுத்தின் எண் வரிசை) பத்திகள் நன்றாகவே இருக்கும். சேவையை நிறுத்த முடியாத இடத்தில் ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி கொடுங்கள். பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் இருக்கும் என்பதால் பெரிய இண்டெக்ஸின் அளவுக்கு வட்டில் காலியிடம் வேண்டும். நடுவில் தோற்றால் சிசிநியூ என்று பெயர் முடியும் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று தங்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். யுனிக் இண்டெக்ஸைக் கட்ட முடியவில்லை என்று நின்றால் இரட்டைப் பதிவு உள்ளே வந்துவிட்டது என்று பொருள். இண்டெக்ஸ் ஸ்கேன், இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் என்ற இண்டெக்ஸ் வழித் தேடல் முறைகள் மூன்றையும் அந்த அமர்வில் அணைத்த பிறகே இரட்டைகளைத் தேடுங்கள். இல்லையென்றால் கெட்ட இண்டெக்ஸே மறுபடி பொய் சொல்லும். அழிக்கும் முன் வேறு அட்டவணைகள் எந்த வரியைச் சுட்டுகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தரவுத்தளத்தைக் கன்டெய்னரில் (மென்பொருளைத் தேவையானவற்றோடு பொதிந்த அமைப்பில்) வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். ஆல்பைன் லினக்ஸ் படிமத்தில் ஜிலிப்சிக்குப் பதிலாக இருப்பது மசல் நூலகம்; அதில் மொழிவாரி வரிசை விதி கிடையாது. ஆல்பைனில் வளர்ந்த தரவை டெபியன் படிமத்தில் மாட்டினால் அதே கோளாறுதான்.

இனி தமிழ் வரிசைக்கு வருவோம். கடல், கண், கன்று, கப்பல், கம்பு என்ற ஐந்தையும் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கினால் இப்போது எழுதிய முறையிலேயே வரும். ஏனென்றால் யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்து இருக்கிறது. நம் அகராதியில் கன்று கடைசியில் வர வேண்டும். அக்கா, அகம் என்ற இரண்டில் அக்கா முந்த வேண்டும். எண் வரிசையில் அகம் முந்திவிடும், புள்ளியின் எண் பெரியது என்பதால். இதைச் சரியாகச் செய்வது, பல மொழிகளின் வரிசை விதிகளைக் கொண்ட ஐசியு நூலகம். 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸில் "டிஏ-எக்ஸ்-ஐசியு" என்ற கொலேஷன் கிடைக்கிறது. அது மெய்யை உயிர்மெய்க்கு முன் வைக்கும். ழ, ள, ற, ன என்று முடித்துவிட்டு ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளைப் பின்னால் வைக்கும். ஆகவே ஜெயந்தி, வள்ளிக்குப் பிறகு வருவார். சகரத்தை ஒட்டி ஜகரத்தைத் தேடிப் பழகிய அலுவலகங்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஐசியுவின் விதிகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். எனவே தரவுத்தளம் முழுவதையும் அதில் வைப்பது வீண் சுமை. 17ஆம் பதிப்பில் பில்டின் என்ற கொலேஷன் வழங்கி (வரிசை விதியைத் தரும் பகுதி) வந்திருக்கிறது. அதன் சி.யுடிஎஃப்-8 லொக்கேல் போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே இருப்பதால் லினக்ஸை மாற்றினாலும் அடுக்குமுறை அசையாது. தரவுத்தளத்தை அதில் உருவாக்கி, மக்கள் பார்க்கும் பட்டியலுக்கு மட்டும் வினவலில் தமிழ் கொலேஷனைக் கேளுங்கள். வேகம் வேண்டுமானால் பெயர்ப் பத்திக்கு அதே கொலேஷனில் தனி இண்டெக்ஸ் ஒன்று போதும். அடுத்த முறை மீண்டும் கட்ட வேண்டியது அந்த ஒன்றை மட்டும்தான். இயல்பு லொக்கேலைத் தரவுத்தளம் உருவாக்கும்போதே குறிக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. ஆகவே பதிப்பு மாற்றும் நேரமே அதற்கு ஏற்ற நேரம்.

அதே நேரத்தில் எழுத்துகளையும் சீராக்கிவிடலாம். "கோ" என்பதை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம். இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, தரவுத்தளத்துக்கு வேறு வேறு. 13ஆம் பதிப்பில் வந்த நார்மலைஸ் சார்பைக் கொண்டு எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒற்றைக்குறி வடிவுக்கு மாற்றுங்கள். மாறாதது உள்ளே வராதபடி பத்திக்கு ஒரு செக் கட்டுப்பாடும் போடுங்கள். ஆனால் ஔவை என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியவர்களின் பிழையை இது திருத்தாது. அதைத் தனியாகத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

தமிழ் அறிந்த பயனர்கள் இந்தத் திட்டத்துக்குச் செய்யக்கூடிய வேலை ஒன்றும் பாக்கி இருக்கிறது. 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலேயே முழு உரைத் தேடலுக்கான தமிழ் ஸ்டெம்மர் (சொல்லை வேர்ச்சொல்லாகச் சுருக்கும் நிரல்) சேர்ந்துவிட்டது. ஆனால் தேடலில் ஒதுக்க வேண்டிய சொற்களின் பட்டியல் தமிழுக்கு உடன் வருவதில்லை. வரிக்கு ஒரு சொல்லாக யுடிஎஃப்-8 கோப்பில் எழுதி, டிஎஸ்சர்ச்-டேட்டா கோப்பகத்தில் வைத்து, அந்த ஸ்டெம்மரைப் பயன்படுத்தும் ஸ்னோபால் அகராதியை அதோடு இணைத்தால் போதும். வேர்ச்சொல்லாகச் சுருக்கும் முன்பே இந்தப் பட்டியல் பார்க்கப்படுவதால் என, என்ற, என்று, என்னும் என்று ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியரும் இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
தரவுத்தள நிர்வாகி ஒருவர்,
கோவை.