எழுதியவர்களுக்கும் அழித்தவர்களுக்கும் நன்றி

அடையாற்றங்கரைத் தெருக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. டீக்கடைத் தாழ்வாரத்தில் தொங்கிய தகவல் பலகையைக் கழற்றித் துடைத்து உள்ளே வைத்தாயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட்டும் போனும் ஒருசேரப் போனபோது, அடுத்த தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்கக்கூட வழியில்லாமல் போனது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். போன் இயங்காத நேரத்திலும் நடந்து வந்து படிக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் இந்தப் பலகையின் வேலை. சம்பளமில்லாமல் அதைச் செய்து கொடுத்தவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி பேப்பர் போடும் தம்பிகளுக்கும் பால் பாக்கெட் போடும் அக்காக்களுக்கும். விடிவதற்கு முன்பே எல்லாத் தெருவையும் சுற்றிவருகிறவர்கள் அவர்கள்தான். ‘முழங்கால் அளவு’ என்றால் யார் முழங்கால் என்ற குழப்பம் வரும். அவர்கள் தண்ணீர் அளக்கச் சுவரில் வரைந்திருக்கும் கோட்டைப் பார்த்து ‘ஒன்றரை அடி, 5.20 மணி’ என்று சொன்னார்கள். பலகைக்கு அதுதான் தேவை.

அந்தக் கோடுகளைப் போட்டுத் தந்த பெயின்டர் அண்ணனுக்குத் தனி நன்றி. மழைக்கு முன், சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும்போதே எனாமல் அடிக்க வேண்டும். ஈரச்சுவரில் அடித்தால் சீக்கிரமே உரிந்துவிடும். அரை அடிக்கு ஒரு கோடு, மஞ்சள் பட்டையில் 4 அங்குல உயரக் கறுப்பு எண். சுழியத்தைச் சாலையின் நடுமேட்டிலிருந்து எடுக்க வேண்டும். ஓரத்துப் பள்ளத்திலிருந்து எடுத்தால் ஒவ்வொரு தெருவின் கணக்கும் வேறாகிவிடும். வீட்டுக்காரர்களிடம் கேட்டு மதில்சுவரில்தான் அடித்தோம். மின்கம்பத்திலும் மின்பெட்டியிலும் கூடவே கூடாது. எண்ணைப் படிக்க யாராவது தண்ணீருக்குள் அதன் அருகே போய்விடுவார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே 4 அங்குலம் புதிதாகப் போட்டால், ‘1 அடி’ கோட்டைத் தண்ணீர் தொடும்போது சாலையில் இருப்பது 8 அங்குலம்தான். சாலை போட்ட தெருக்களில் அண்ணன் தானாகவே வந்து கோட்டை மாற்றி வரைந்தார்.

ஏரிக் கணக்கைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஐயாவுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. அடையாற்றில் தண்ணீர் திறந்துவிடும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. இருப்பைச் சொல்வது மில்லியன் கனஅடியில். திறப்பைச் சொல்வது விநாடிக்கு இத்தனை கனஅடி என்று. இரண்டிலும் ‘கனஅடி’ வருவதால், ‘3,000 மில்லியன் கனஅடி இருப்பு’ என்பது அவசரத்தில் ‘3,000 கனஅடி திறப்பு’ ஆகிவிடும், தெருவே பதறும். ஐயா சொன்ன சரிபார்ப்பு எளிது: விநாடிக்கு 1,000 கனஅடி ஒரு நாள் முழுக்கப் போனால் 86.4 மில்லியன் கனஅடி குறையும். ஏரிக்கு வரத்தும் இருக்கும் என்பதால் அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏரி மதகு மூடியிருந்தாலும் ஆறு ஏறலாம் என்பதையும் அவர்தான் மனத்தில் பதியவைத்தார். ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கத்து மழைத்தண்ணீரும் இதே ஆற்றில்தான் வருகிறது. ஆகவே பலகையில் ஏரித் திறப்புக்கு ஒரு வரி, ஆற்றின் நீர்மட்டத்துக்கு ஒரு வரி என்று தனித்தனியாக எழுதினோம்.

பலகையில் எழுதிய கல்லூரிப் பிள்ளைகளே, உங்கள் கையெழுத்து 20 அடி தள்ளி நின்றும் தெரிந்தது. எழுத்து 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பதை ஒருவரும் மறக்கவில்லை. சாரல் பட்ட கரும்பலகையில் சாக்பீஸ் எழுதாது. வெள்ளைப் பலகை மார்க்கரோ போகிற வருகிறவர் தோள் உரசினாலே அழியும். அழியாத மார்க்கரில் எழுதி, சானிட்டைசர் நனைத்த துணியால் துடைப்பது என்ற யோசனை உங்களுடையது. வேலை செய்தது.

ஆனால் எழுதுவதைவிட அழிப்பதற்குத்தான் ஆள் கிடைப்பது கடினம். தண்ணீர் அளவுக்கு ஆயுள் 2 மணி நேரம், மின்தடைத் தகவலுக்கு 6 மணி நேரம். அதற்குள் யாரும் போய்ப் பார்க்கவில்லையென்றால் வரியை அழித்துவிட்டு, ‘கடைசியாகப் பார்த்தது 6.40, பிறகு தகவல் இல்லை’ என்று எழுத வேண்டும். காலையில் எழுதிய ‘சுரங்கப்பாதை திறந்திருக்கிறது’ என்ற வரி மாலையிலும் அப்படியே நின்றால், அதை நம்பி ஒருவர் வண்டியை உள்ளே விடுவார். இரவு முறை பார்த்த நீங்கள் இந்தக் காரியத்தில் ஒருநாளும் அசரவில்லை. உங்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

வாட்ஸ்அப்பில் வந்த மீட்புப் படகுக்காரர்களின் போன் எண்களைக் கொண்டுவந்து கொடுத்து, ‘கூப்பிட்டுப் பார்க்காமல் எழுத மாட்டோம்’ என்றபோது முகம் சுளிக்காதவர்களுக்கும் நன்றி. ஒரு மழையின் எண்கள் அடுத்த மழையிலும் சுற்றும். யாரும் தேதியைப் பார்ப்பதில்லை. மாநகராட்சியின் 1913, ஆம்புலன்ஸின் 108 ஆகிய இரண்டை மட்டுமே நிரந்தரமாகப் பலகையின் தலையில் எழுதிவைத்தோம். 1913-இல் புகார் கொடுத்தவர்கள் புகார் எண்ணையும் சொன்னதால் அடுத்தடுத்துக் கேட்பது எளிதாயிற்று.

திறந்து கிடந்த பாதாளச் சாக்கடை மூடிகளை உடனுக்குடன் சொன்ன தூய்மைப் பணியாளர்களே, உங்கள் ஒவ்வொரு தகவலும் உயிர் காக்கும் தகவல். மெடிக்கல் ஷாப் தம்பிக்கும் நன்றி: ஃபிரிட்ஜ் நின்றதும் இன்சுலினை ஐஸ்கட்டிக்குள் புதைக்கப் போனவர்களைத் தடுத்து, உறைந்தால் மருந்து வீண் என்று பொறுமையாக விளக்கினார். படுக்கையில் இருக்கும் பெரியவர்களின் முகவரிகளைப் பலகையில் ஏற்றாமல், ஒட்டிய உறையில் இரண்டு பிரதிகளாகப் பத்திரப்படுத்திய அம்மாக்கள் இருவருக்கும் எங்கள் வணக்கம். அந்த உறைகள் இப்போது கிழிக்கப்பட்டுவிட்டன. அடுத்த மழைக்கு, வீட்டாரிடம் மறுபடியும் கேட்டுப் புதிதாக எழுதுவோம்.

சுவர்க்கோடுகளைச் செப்டம்பர் கடைசி வாரத்தில் சரிபார்க்கிறோம். அதற்குள் உங்கள் தெருவில் புதுச்சாலை போட்டால், எத்தனை அங்குலம் உயர்ந்தது என்று வாசற்படியில் அளந்து டீக்கடையில் சொல்லிவையுங்கள்.

நன்றியுடன்,
பலகைக் குழுவினர்