ஐஸ் குச்சிப் பாலம்

அன்புள்ள நண்பனுக்கு,

முதுகுவலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், மனசுக்கு நிம்மதி. பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. இரண்டு வாரமாக என் கையில் பேனா இல்லை, குளூ கன்தான் இருந்தது.

மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான பொறியியல் வடிவமைப்புக் கோடை முகாம் அது. நாலு பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு கட்டு ஐஸ் குச்சி. இரண்டு மேசைகளுக்கு நடுவே 60 செ.மீ. இடைவெளி. அதன்மேல் பாலம் கட்டி, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, முறியும்வரை மணல் கொட்டுவோம். அப்புறம் மோட்டார், சென்சார், ஆர்டுயினோ என்கிற குட்டி மின்னணுப் பலகை என்று நிறைய செய்தோம். ஆனாலும் எனக்கு மனசில் நிற்பது பாலம்தான்.

ஒரு குழுவின் பாலம் 9 கிலோவில் படாரென்று முறிந்தது. பாரம் அடியில்தானே தொங்குகிறது, அடிக்குச்சிகளை இரட்டையாக்கலாம் என்று மூன்று பேர் கிளம்பிவிட்டார்கள். நாலாவதாக இருந்த பெண் மட்டும் போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சார், அடியில் ஒன்றுமே ஆகவில்லை. மேல்குச்சி பக்கவாட்டில் வில் மாதிரி வளைந்து முறிகிறது" என்றாள். அமுக்கத்தில் இருக்கும் மெல்லிய குச்சி நசுங்குவதற்கு முன்பே வளைந்துவிடும், 1744-லேயே ஆய்லர் என்ற கணித மேதை இதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

புதுப் பாலத்தில் இரண்டு மேல்குச்சிகளையும் இணைத்துக் குறுக்கே குச்சிகள் ஒட்டினார்கள். அவள் விரலால் தள்ளிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சேர்ந்தே சாய்ந்தன! ஒரு பையன் பேசாமல் ஒரு குச்சியை எடுத்து மூலைக்கு மூலை வைத்துப் பிடித்தான். மறுபடி தள்ளினாள், அசையவில்லை. அந்த நிமிஷம் அவர்கள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

23 கிலோ தாங்கியது. அதற்கு அப்புறம்தான் சூத்திரத்தைப் பலகையில் எழுதினேன். குச்சியைப் பக்கவாட்டில் எதுவும் பிடித்துக்கொள்ளாத நீளம் பாதியானால், வளையாமல் தாங்கும் பாரம் நாலு மடங்காகும். "அப்படியென்றால் 36 கிலோ வந்திருக்கணுமே சார்?" என்று உடனே ஒரு கேள்வி. பக்கத்தில் இருந்தவன் பசை விட்டுப் பிரிந்த மூட்டைத் தூக்கிக் காட்டினான். குச்சி எதுவும் முறியவில்லை, மூட்டுதான் முந்திக்கொண்டு விட்டுவிட்டது.

நாமும் இதே சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியவர்கள்தானே. நாலு வருஷத்தில் ஒரு குச்சி வளைவதைக்கூட நம் கண்ணில் காட்டவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

மூட்டுகளில் சின்னத் தகடு வெட்டி ஒட்டி மூன்றாவது பாலம் கட்டுகிறோம் என்று கேட்டார்கள். நேரம் இல்லை. அடுத்த முறை வேறு ஏதாவது ஒரு வேலையைக் குறைத்துவிட்டு, பாலத்துக்கு ஒரு வாரம் முழுசாக ஒதுக்கச் சொல்லப்போகிறேன். மூட்டு வேலையில் உன் கை எனக்கு வராது. முதுகு ஒத்துழைத்தால் நீயும் வா, இரண்டு நாள் போதும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்