ஓடுபவரைக் குறை சொல்லும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

பிட்ஸ்பர்க்கில் படிக்கப் போன இடத்தில் ஸ்டீலர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் மேல் உனக்குப் பற்று வந்ததில் எனக்கு வியப்பில்லை. அந்த ஊரில் இருந்துகொண்டு அதிலிருந்து தப்புவது கடினம். ஆனால் 2020ஆம் ஆண்டின் ஆட்டப் பதிவுகளைப் பார்த்துவிட்டு, அதன் ஓட்டக்காரர் ஜேம்ஸ் கானரிடம் வேகம் இல்லாததால்தான் அந்த அணியால் பந்தை ஏந்தி ஓட முடியவில்லை என்று நீ எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கக் கால்பந்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் நம் வீட்டார் வேறு சிலருக்கும் பயன்படட்டும் என்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

நீ பார்த்தது மோசமான ஓட்டம் என்பதில் ஐயமில்லை. அந்தப் பருவத்தில் ஸ்டீலர்ஸ் ஓட்டத்தால் எடுத்தது ஆட்டத்துக்குச் சராசரியாக 84.4 கெஜம், என்எஃப்எல் லீக்கின் 32 அணிகளில் அதுவே கடைசி இடம். 1970களில் பிராங்கோ ஹாரிஸும் பின்னர் ஜெரோம் பெட்டிஸும் ஓடிப் பெயர் வாங்கித் தந்த அணிக்கு இந்த நிலை. இத்தனைக்கும் முதல் 11 ஆட்டங்களையும் வென்ற அணி அது. ஆகவே திறமை இல்லாதவர்களின் கூட்டம் என்றும் சொல்லிவிட முடியாது.

ஓட்டம் எப்படி அமைகிறது என்பதைக் கவனி. நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள், ஓரங்களில் இரண்டு டேக்கிள்கள் என ஐந்து பேர் முன்வரிசையில் நிற்கிறார்கள். எதிரணியின் பெரிய உடம்புக்காரர் ஒருவரை முதலில் இருவர் சேர்ந்து தள்ள வேண்டும். அவர் நகரத் தொடங்கியதும் அந்த இருவரில் ஒருவர் பிரிந்து போய், எதிரணியின் இரண்டாம் வரிசைத் தடுப்பாளராகப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரை மறிக்க வேண்டும். பிரிவது அரை அடி முந்தினால் பெரியவர் உள்ளே புகுந்துவிடுவார். அரை அடி பிந்தினால் லைன்பேக்கர் இடைவெளியை அடைத்துவிடுவார். நால்வர் தம் வேலையைச் செம்மையாகச் செய்து ஒருவர் மட்டும் தவறினாலும் அந்த ஓட்டம் பெரும்பாலும் இரண்டு கெஜத்தில் முடிந்துவிடும். தொலைக்காட்சியில் நமக்குத் தெரிவது என்னவோ பந்தை வைத்திருப்பவர் கீழே விழுவது மட்டும்தான்.

2020இல் அந்த ஐவர் எந்த நிலையில் இருந்தார்கள் என்று பார். முன்வரிசைப் பயிற்சியாளராக நல்ல பெயர் எடுத்திருந்த மைக் மன்சாக் 2018 பருவத்துக்குப் பிறகு டென்வர் அணிக்குப் போய்விட்டார். நெடுநாள் கார்டாக இருந்த ரமோன் ஃபாஸ்டர் 2020 தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். வலது டேக்கிள் சாக் பேனர் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். சென்டர் மார்கீஸ் பவுன்சியும் கார்டு டேவிட் டிகாஸ்ட்ரோவும் பெரும் பெயர்கள்தாம், ஆனால் அவர்களுடைய சிறந்த ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. அந்தப் பருவம் முடிந்ததும் பவுன்சி ஓய்வை அறிவித்தார், சில மாதங்களில் கணுக்கால் காயத்தோடு டிகாஸ்ட்ரோவும் அணியை விட்டு விலக நேர்ந்தது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அது பந்தை வீசுபவரான குவாட்டர்பேக்கின் முழங்கை. பென் ராத்லிஸ்பெர்கர் 2019இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு 38 வயதில் திரும்பி வந்தார். சென்டருக்கு நேர் பின்னால் நின்று பந்தை வாங்குவதைத் தவிர்த்து, சில கெஜம் தள்ளி நிற்கும் ஷாட்கன் முறையிலேயே பெரும்பாலும் ஆடினார். பந்து கைக்கு வந்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு வீசிவிடுவார். 608 வீச்சுகளில் 3,803 கெஜம், அதாவது ஒரு வீச்சுக்கு ஆறு கெஜத்துக்குச் சற்று மேல். முதல் சில வாரங்களுக்கு இது நன்றாகவே பலித்தது. ஆனால் தலைக்கு மேல் பந்து போகாது என்று தெரிந்த பிறகு எதிரணியின் கடைசி வரிசைத் தடுப்பாளர்களான சேஃப்டிகள் ஏன் பின்னால் நிற்க வேண்டும்? எட்டுப் பேர் முன்னால் வந்து நின்றார்கள். ஐந்து முன்வரிசையினரும் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் ஒரு டைட் எண்டும் சேர்ந்து ஆறு பேரைத்தான் மறிக்க முடியும். மீதி இருவரைக் கானர் தனியாகத் தாண்ட வேண்டும். அதுவும் ஷாட்கனில் அவர் குவாட்டர்பேக்கின் பக்கத்தில் நின்ற நிலையில் பந்தை வாங்குகிறார். ஏழு கெஜம் பின்னாலிருந்து ஓடிவந்து வாங்குபவருக்குக் கிடைக்கும் வேகம் அவருக்குக் கிடைப்பதில்லை. ஓடுவதுபோல் பாவனை காட்டிவிட்டு வீசும் பிளே ஆக்‌ஷனையும் ராத்லிஸ்பெர்கர் அரிதாகவே கையாண்டார் என்பதால், எதிரணி தயங்கி நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

அந்த டிசம்பரில் வாஷிங்டன் அணியிடம் 23-17 என்று தோற்ற ஆட்டத்தை மறுபடி பார். எல்லைக்கோட்டுக்கு ஒரு கெஜம் இருக்கும்போதும் ஓடி உள்ளே நுழைய முடியவில்லை. அன்று கானர் ஆடவே இல்லை. ஓடியவர் பென்னி ஸ்னெல். ஆள் மாறியும் சுவர் அப்படியே இருந்தது.

அணி நிர்வாகமும் உன்னைப் போலவே யோசித்தது என்பதுதான் எனக்கு வருத்தம். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 2021 தேர்வில் தன் முதல் வாய்ப்பில், 24ஆவது இடத்தில், அலபாமா பல்கலைக்கழகத்தின் நாஜி ஹாரிஸ் என்ற ஓட்டக்காரரை எடுத்தது. இரண்டாவது வாய்ப்பில் ஒரு டைட் எண்ட். அவர் எடுக்கப்பட்ட சில இடங்களுக்குப் பிறகு, 63ஆவதாக, கிரீட் ஹம்ஃப்ரி என்ற சென்டரை கான்சஸ் சிட்டி அணி எடுத்துக்கொண்டது. அவர் லீக்கின் தலைசிறந்த சென்டர்களில் ஒருவராக வளர்ந்தார். ஸ்டீலர்ஸ் மூன்றாவது சுற்றில் எடுத்த கென்ட்ரிக் கிரீன், பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் கார்டாக ஆடியவர். முதல் ஆண்டிலேயே சென்டராக நிறுத்தப்பட்ட அவர் அடுத்த ஆண்டு ஓர் ஆட்டத்திலும் இறக்கப்படவில்லை.

நாஜி என்ன ஆனார்? 2021 பருவத்தில் 307 முறை ஓடி 1,200 கெஜம் எடுத்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஓர் ஓட்டத்துக்கு 3.9 கெஜம்தான். பழி முழுவதும் முன்வரிசையுடையது என்றும் சொல்லமாட்டேன். இடைவெளி கிடைத்தபோதும் நீண்ட தூரம் பறந்துபோகும் வேகம் நாஜியிடம் இல்லை, சில வேளைகளில் தேவைக்கு மேல் தயங்கியதும் உண்டு. ஆனால் 2022இல் மேசன் கோல், ஜேம்ஸ் டேனியல்ஸ் ஆகியோர் முன்வரிசைக்கு வந்து, ராத்லிஸ்பெர்கரும் ஓய்வு பெற்றபின், அதே நாஜியை வைத்துக்கொண்டே அணியின் ஓட்டம் ஆட்டத்துக்கு 120 கெஜத்தைத் தாண்டியது.

நீ மெதுவானவர் என்று சொன்ன கானர் 2021இல் அரிசோனா அணிக்குப் போனார். அந்த ஒரே பருவத்தில் பந்தோடு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டியே 15 டச்டவுன் எடுத்தார். 2023இல், அதற்குள் இன்னும் வயது கூடிய பிறகு, 208 ஓட்டங்களில் 1,040 கெஜம். ஓர் ஓட்டத்துக்கு 5 கெஜம்.

அன்புடன்,
மாமா