தாதர் பாலத்தில் பெட்டி தூக்கிய ஐயாவுக்கு

டோம்பிவிலியிலிருந்து வந்து, விமான நிலையத்துக்காக அந்தேரி லோக்கல் ரயிலுக்கு மாறும்போதுதான் மும்பை தாதர் நிலைய நடைபாலத்தில் என் பெட்டியின் சக்கரம் கழன்றது. ஜூன் மழை, நெரிசல். "ஆண்டவரே" என்று முனகியது காதில் விழுந்ததோ என்னவோ, நீங்கள் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தீர்கள். உங்கள் பையிலிருந்த சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியபடியே, எங்கே பயணம் என்று நெல்லைத் தமிழில் கேட்டீர்கள்.

கம்போடியாவுக்கு மிஷனரியாகப் போகிறேன், ஆங்கிலம் கற்பிப்பேன் என்றேன்.

"பாடமா, பிரசங்கமா? எதுவானாலும் முதல் நாளே சொல்லிவிடு தம்பி. ஆங்கிலத்தைத் தூண்டில் புழுவாக்காதே."

சுருக்கென்று இருந்தது. கோபமும் வந்தது, மன்னியுங்கள்.

ஆனால் அப்படியே செய்தேன். வகுப்பு தனி, வேத வாசிப்பு ஞாயிறன்று, விரும்பியவர்களுக்கு மட்டும். ஆங்கிலச் சொற்களின் கடைசி 'ஸ்' ஒலியை மாணவர்கள் விழுங்கினார்கள். அவர்கள் மொழியான கெமரின் உயிரொலிகளில் நான் தடுக்கி விழுந்தேன். அவர்கள் எழுத்துக்கு மூலம் நம் பல்லவ எழுத்து என்றதும் ஒரே ஆரவாரம். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகினார். எனக்குக் கரும்பலகை கிடைத்தது, அவ்வளவுதான்.

ஞாயிறு வாசிப்புக்கு வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒரு பாட்டி, தேநீருக்காகவே வந்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அவரும் உங்கள் கட்சி.

லோக்கல் வந்துவிட்டதால் உங்கள் பெயரைக் கேட்கவில்லை. கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. நன்றி ஐயா.