ஐந்து குழி

தெல்லிப்பழை,
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள தம்பி,

நானும் அம்மாவும் சுகம். கார்த்திகை மழை இந்த முறை வெங்காயத்துக்குக் கூடிப்போச்சு, பாதி அழுகல். கடையடி மாமாவுக்குக் கண் ஒப்பரேசன் முடிந்தது. இப்போது எல்லாரையும் வடிவாக அடையாளம் கண்டு குறை சொல்கிறார். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். இரவு வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. சின்ன வயதிலிருந்தே உனக்கு எந்த வருத்தமும் காதில்தான் தொடங்கும்.

நீ போன் எடுக்கிறாய் இல்லை என்று குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை கூட என்று தெரியும். ஞாயிறுகளில் ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அதற்குப் பக்கத்திலேயே இருந்து கீரை ஆய்கிறாள், அவ்வளவுதான். பதினொரு ஞாயிறு. கணக்கு வாத்தியார் எண்ணாமல் இருப்பானா?

எழுத வந்தது பிள்ளையின் சட்டையைப் பற்றி. மழை விட்ட அன்று அம்மா அலுமாரியைத் திறந்து ஞானஸ்நானச் சட்டையை வெயிலில் போட்டாள். நானும் அக்காவும் நீயும் போட்ட சட்டை. கழுத்தடி லேஸ் மஞ்சளாகிவிட்டது. இடது கையில் அப்பாச்சி போட்ட ஒட்டுத் தையல் இன்னும் விடவில்லை. மூன்று மாதத்தில் நீ அதைப் போட்டுக்கொண்டு போதகரின் கையை நனைத்தாய், அவர் சிரித்துக்கொண்டே ஜெபத்தை முடித்தார். 1990 ஆனியில் ஊரைவிட்டு ஓடும்போது அம்மா ஒரு தலையணை உறைக்குள் இரண்டே சாமான் போட்டாள்: இந்தச் சட்டையும் காணி உறுதியும். 1995 ஐப்பசியில் தென்மராட்சிக்கு நடந்த இரவிலும் அந்த உறை அவள் தோளில்தான் கிடந்தது. இப்போதும் இரண்டும் ஒரே தட்டில்தான். சட்டையை இழுத்தால் உறுதியும் கூட வரும்.

நத்தாருக்குப் பிள்ளைக்கு ஐந்து மாதம். உங்கள் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, வளர்ந்து தானாக விசுவாசித்து முழுக்கு எடுக்க வேணும் என்று மருமகள் அம்மாவிடம் பதமாகச் சொன்னாளாம். நல்ல பிள்ளை, பதமாகத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் தம்பி, உனக்கு விளக்கம் வந்த பிறகா நாங்கள் பால் தந்தோம்? கேட்கத் தெரியாத வாய்க்குக் கிடைப்பதைத்தானே கிருபை என்கிறோம். பிறகு திடப்படுத்தலில் அந்தப் பிள்ளையே எழுந்து நின்று ஓம் என்று சொல்லும். நீயும் பதினைந்து வயதில் அப்படித்தான் சொன்னாய். அன்றைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டுக்கு நான் மானிப்பாயில் கடன் சொல்லித் துணி எடுத்தேன். அந்தத் தண்ணீர் செல்லாது என்றுதானே நீ தொட்டிக்குள் இறங்கி இன்னொரு தரம் எடுத்தாய்.

சரி. அதற்காகப் பேச வரவில்லை. இரவில் காதை மூடு.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். 1816இல் அமெரிக்க மிசன் பூவர் ஐயர் பள்ளிக்கூடம் தொடங்கியது இந்தத் தெல்லிப்பழையில்தான். ஆனால் அவர்கள் படிக்க வந்தவனுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்துவிடவில்லை. வேதபாடம் ஒப்புவித்தாலும் போதாது, மனம் திரும்பியதற்கு அடையாளம் இருக்கிறதா என்று விசாரித்துத்தான் சபையில் சேர்த்தார்கள். வட்டுக்கோட்டைச் செமினரியில் கணிதமும் வானசாஸ்திரமும் படித்துவிட்டுச் சைவராகவே வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர்! பூட்டனுக்கு அமெரிக்காவில் காசு கட்டிய யாரோ ஒரு துரையின் பெயரை வைத்தார்கள். போர்டிங் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் அப்படித்தான். அந்தப் பெயர்தான் உன் பாஸ்போர்ட்டில் கடைசியில் நிற்கிறது. பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின என்று பவுல் எழுதினார். எங்களுக்குப் பெயர் புதிதாச்சு. சாதியை மட்டும் ஒழிக்காமல் கோயிலில் இருக்கிற வாங்கு வரைக்கும் கொண்டுபோனோம்.

ஆகவே நீ என்னிடம் கேட்டது புதுக் கேள்வி இல்லை. பூட்டனிடமும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. நான் பிறக்கும்போதே சட்டை தயாராக இருந்தது.

"அப்பா, நீங்கள் இரட்சிக்கப்பட்டிட்டீங்களோ?" என்றாய். முப்பது வருஷம் ஞாயிறு பாடசாலை நடத்தினவனிடம், சபை நிர்வாகத்தில் இருந்தவனிடம், பெற்ற பிள்ளை கேட்கிறான். "ஆரிட்ட என்ன கேக்கிறாய்?" என்று கத்திப்போட்டுப் போனை வைத்தேன். லைன் அறுந்துபோச்சு என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் இன்றுவரைக்கும் அதை நம்பிக்கொண்டு சார்ஜ் போடுகிறாள்.

கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. அந்த இரண்டு வருஷம் நான் இங்கே எப்படி முழங்காலில் நின்றேன் என்று உனக்குத் தெரியாது. அப்போதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ ஒரு பாஸ்டர் தலையில் கை வைத்தார், நீ போத்தலை விட்டாய். எனக்கு எரிச்சல், தம்பி. ஒரு தகப்பனுக்கு வரக்கூடாத எரிச்சல். நீ சாட்சி சொன்ன வீடியோவை அக்கா காட்டினாள். வேலை இடத்தில் எடுத்த காசைச் சம்பளத்தில் கழித்துத் திருப்பிக் கொடுத்தேன் என்று அத்தனை பேருக்கு முன்னால் சொன்னாய். நான் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்கு வெட்கம் என்று அக்கா நினைத்தாள். என் பிள்ளை, என் பிள்ளை என்று நெஞ்சு நிறைந்துதான் எழுந்தேன். வெளியே வந்து நின்றது கிணற்றடியில். அங்கேதான் கால் உதறியது.

மேற்கு வளவு அண்ணரை உனக்கு நினைவிருக்காது. 1990இல் அவருடைய லான்மாஸ்டரில்தான் அப்பாச்சியை ஏற்றினோம். தன் நெல்லுச் சாக்குகளை இறக்கி ஒழுங்கையில் போட்டுவிட்டு, "வாத்தியார், ஆச்சியை இதில இருத்துங்கோ" என்றார். திருநீறு வைக்காமல் படலை தாண்டாத மனிசன். பிறகு கனடாவுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினார். காணியை ஒரு தரமும் பார்க்கவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் கழித்து இராணுவம் இந்தப் பக்கத்தை விட்டபோது வீடு இல்லை, வேலி இல்லை, ஒரு கதியால் இல்லை. பற்றையும் கிணறும்தான். உறுதியில் கிணறு இரண்டு வளவுக்கும் பாதிப் பாதி, வழிவாய்க்காலோடு. எல்லை கிணற்றுக்கு நடுவால் போகிறது. ஒருநாள் விடிய நான் தனியாகப் பற்றை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தி ணங்கென்று கல்லில் பட்டது. குந்தி இருந்து மண்ணைத் தட்டிப் பார்த்தேன். எல்லைக்கல். தலையில் வெட்டியிருந்த அடையாளம் அப்படியே இருந்தது. ஒழுங்கையைப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. அலவாங்கால் கிளப்பினேன்.

வேலியை ஆறடி மேற்கே தள்ளி அடைத்தேன். நீளம் நூற்றிருபத்தாறு அடி. ஐந்து குழி வரும். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, ஆகவே ஐந்து குழி பெரிய காணி இல்லை என்று எனக்கே பாடம் நடத்தினேன். கிணறு முழுதாக எங்கள் பக்கம் வந்தது. அண்ணரின் பிள்ளைகள் வெளிநாட்டில், அவர்கள் வரப்போவதில்லை, பற்றை வெட்டியது நான், கிணற்றுக்குள் கிடந்த கல்லும் கட்டையும் காசு கொடுத்து எடுப்பித்தது நான். எல்லாம் உண்மைதான். பிறனுடைய எல்லைக்குறியைத் தள்ளுகிறவன்மேல் உபாகமத்தில் ஒரு சாபம் இருக்கிறது, அந்த அதிகாரத்தை நான் தாண்டித்தான் வாசிப்பேன்.

2019இல் அவருடைய மூத்த மகள் பிள்ளைகளோடு வந்தாள். அக்காவோடு படித்தவள், எங்கள் விறாந்தையில் இருந்துதான் பின்னம் படித்தாள். ஒழுங்கையில் நின்று வளவை எட்டிப் பார்த்தாள். "மாஸ்டர், கிணறு எங்கட பக்கமும் வந்ததெல்லோ?" என்றாள். சண்டைக்குக் கேட்கவில்லை, தன் நினைவு பிழையோ என்ற யோசனையில் கேட்டாள். நான் செம்பில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டு, அதே ருசி என்று சொல்லிப் பிள்ளைகளுக்கும் கொடுத்தாள். போகும்போது என்னைக் கும்பிட்டாள். "உன்ர நினைவு சரி, பிள்ளை" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? நான் சொல்லவில்லை. நீ போனில் அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் கண்ணில் வந்தது அந்தச் செம்பு.

இரவில் இயேசுவிடம் வந்து, மறுபடியும் பிறக்க வேணும் என்று அவர் சொல்லக் கேட்ட நிக்கொதேமுவை நான் முப்பது வருஷம் பிள்ளைகள் சிரிக்கிற மாதிரிச் சொல்லிக் கொடுத்தேன். முதிர்வயதில் ஒருவன் எப்படிப் பிறப்பான், தாயின் கர்ப்பத்துக்குள் இரண்டாந்தரம் போவானா என்று கேட்கிறானே, போதகனுக்கு இது தெரியாதா என்று. இப்போது எனக்கு எழுபத்துநான்கு. ஒரு கிழவன் நித்திரை வராமல் எழும்பிப் போய் அதைக் கேட்டால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. மறுபடியும் என்ற அந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் மேலிருந்து என்றும் பொருள் உண்டு. அதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன், உள்ளே இறங்கவில்லை. கடைசியில் அவன் ஆண்டவரை அடக்கம் பண்ண ஏறக்குறைய நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கொண்டு வந்தான். இரவில் வெறுங்கையோடு வந்தவன்.

வேதத்தில் வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றான். எனக்கு அது இருபது குழி, ஒரு பரப்பும் மிச்சம் இரண்டு குழியும். அவ்வளவும் கொடுத்தால் கோழிக்கூடு அந்தப் பக்கம் போய்விடுமே என்று இந்த வரியை எழுதும்போதும் பார்க்கிறேன். உன் அப்பா இவ்வளவுதான்.

அண்ணரின் அந்த மூத்த மகள் உன் நகரத்தில்தான் இருக்கிறாளாம். நம்பரை எடுத்து அனுப்பு. அக்காவிடம் கேட்டால் ஏன் எதற்கு என்பாள். நில அளவையாளரைத் தையில் வரச் சொல்லலாம், ஆனால் அதற்கு முன்னம் நான் அவளோடு கதைக்க வேணும். நீ எனக்காகப் பேசிவிடாதே. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது.

சட்டையை அனுப்பவோ விடவோ என்று சொல்லு. அனுப்பினால் பிள்ளைக்குப் போட்டு ஒரு படம் எடு, அம்மாவுக்கு. தண்ணீர் உங்கள் இரண்டு பேரின் விருப்பம். மருமகளுக்கு எங்கள் அன்பு. காதை மூடிக்கொண்டு போ.

அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது, நானே சொல்ல வேணும். கல்லைத் துவைகல்லுக்கு முண்டாக வைத்திருந்தேன். போன முறை வந்தபோது நீ அதில் கால் வைத்துத்தான் குளித்தாய். நேற்று அதை எடுத்துத் தேய்த்துக் கழுவி விறாந்தையில் வைத்திருக்கிறேன். துவைகல் ஆடுது, ஆரோ முண்டைக் களவெடுத்துப் போட்டாங்கள் என்று அம்மா விடியத்தொடக்கம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா