உங்க ப்ரொஃபைலர் தன்னோட சுமைய எங்க புரோகிராம் தலைல கட்டுனது பத்தி புகார்

வணக்கம் சார் / மேடம்,

நாங்க பெருங்குடில இருக்குற ஒன்பது பேர் கம்பெனி, மழை வந்தா எந்தத் தெருவுல எவ்ளோ தண்ணி நிக்கும்னு கணக்குப் போடுற சாஃப்ட்வேர் எழுதுறோம். 2015 டிசம்பர்ல முடிச்சூர்ல எங்க அக்கா வீட்டு கீழ்த்தளம் முழுசா முழுகிடுச்சு, அதுக்கப்புறம்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். 2023 மிக்ஜாம் அப்போ வேளச்சேரில நாங்களே மாட்டிக்கிட்டோம். இத ஏன் சொல்றேன்னா எங்களுக்கு ஒரு ரன் அரை மணி நேரத்துக்குள்ள முடியணும், மழை ஃபோர்காஸ்ட் மாறிட்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு மழை அளவ வெச்சு ஓட்டிப் பாத்தாதான் சொல்ற பதில்ல அர்த்தம் இருக்கும்.

எங்க புரோகிராம் சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுதி எம்பிஐ-ல (ஒரே கணக்க பங்கு போட்டு ஒண்ணுக்கொண்ணு மெசேஜ் அனுப்பிக்கிற முறை) ஓடுது, நாலு நோடு, அதாவது நாலு கம்ப்யூட்டர், ஒவ்வொண்ணுலயும் 32 கோர், கோருக்கு ஒண்ணா மொத்தம் 128 ரேங்க், ஒவ்வொரு ரேங்கும் மேப்ல ஒரு துண்ட பாத்துக்கும். ஒரு ரன் 42 நிமிஷம் எடுத்துச்சு. புரோகிராம்ல எந்த இடத்துல நேரம் போகுதுன்னு தெரிஞ்சுக்கதான் ஜூன்ல உங்க ப்ரொஃபைலருக்கு ஒரு வருஷ லைசென்ஸ் வாங்குனோம். 1,80,000 ரூபாய், மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. எங்க சைஸுக்கு அது பெரிய காசு, ஒரு ஆளோட சில மாச சம்பளம்.

மேனுவல்ல சொன்ன மாதிரியே உங்க கம்பைலர் ராப்பர (கம்பைல் பண்றப்பவே அளக்குற கோட சேத்து விடுறது) வெச்சு பில்ட் பண்ணி ஓட்டுனோம். ரிப்போர்ட் மொத பக்கத்துலயே சிவப்பு கலர்ல ஒரே ஒரு ஃபங்ஷன், மொத்த நேரத்துல 54 சதவீதம்னு போட்டுருந்துச்சு. அது ஒரு செல்லோட (மேப்ப பிரிச்ச குட்டிக் கட்டம்) விளிம்புல தண்ணி ஆழம் எவ்ளோன்னு கணக்கு பண்ற குட்டி ஃபங்ஷன், மொத்தமே ஆறு வரி. அத எழுதுனது எங்க டீம்ல ஒரு பொண்ணு, வேலைக்கு சேந்து எட்டு மாசம்தான் ஆகுது. அன்னிக்கு மீட்டிங்ல எல்லாரும் அந்தப் பொண்ணத்தான் பாத்தோம், நானும்தான். மூணு வாரம் அது சனி ஞாயிறு கூட ஆபீஸ் வந்து அந்த ஆறு வரிய மாத்தி மாத்தி எழுதுச்சு, வெக்டர் ஆக்குச்சு, டேபிள் போட்டு பாத்துச்சு. கடைசில உங்க டூல் இல்லாம ஓட்டிப் பாத்தா 42 நிமிஷம் 41 நிமிஷம் ஆச்சு. அவ்ளோதான்.

உங்க டூலோட ஓட்டும்போது அதே ரன் எவ்ளோ நேரம் எடுத்துச்சு தெரியுமா? 1 மணி 34 நிமிஷம். இது உங்க ரிப்போர்ட்ல எங்கயும் இல்ல, கடிகாரத்த பாத்து நாங்களா குறிச்சு வெச்சது. ரெண்டு மடங்குக்கு மேல இழுத்துருக்கு, அந்த 52 நிமிஷம் யாரோட கணக்குன்னு ஒரு வரி கூட இல்ல, எல்லாத்தையும் எங்க புரோகிராம் நேரம்னே போட்டுருக்கீங்க.

கணக்கு போட்டுப் பாத்தோம். தண்ணி நிக்கிற ஏரியாவுல இருக்குற ஒரு ரேங்க் ஒரு ரன்ல அந்த ஃபங்ஷன சுமார் 750 கோடி தடவ கூப்பிடுது. நீங்க ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் உள்ள போறப்ப ஒரு தடவ வெளிய வர்றப்ப ஒரு தடவ நேரம் குறிக்கிறீங்க. 52 நிமிஷத்த 750 கோடியால வகுத்தா ஒரு அழைப்புக்கு 400 நானோசெகண்டுக்கு கொஞ்சம் மேல வருது. அந்த ஃபங்ஷனோட உண்மையான வேலை அதுல சின்னப் பங்குதான். அதுவும் இல்லாம சாதாரண பில்ட்ல கம்பைலர் அத இன்லைன் பண்ணிடும், அதாவது கூப்பிடுற இடத்துலயே அந்த வரிகள பதிச்சுடும், தனி ஃபங்ஷனாவே இருக்காது, உங்க ராப்பர் அத தடுத்துருக்கு. அதாவது இல்லாத ஒரு ஃபங்ஷன அளந்து, அளந்த செலவையும் அது மேலயே போட்டு, இதுதான் குத்தவாளின்னு சிவப்பு கலர் அடிச்சு குடுத்துருக்கீங்க.

இன்ஸ்ட்ருமெண்டேஷன்ல, அதாவது புரோகிராமுக்குள்ளயே அளக்குற கோட சேக்குறதுல, இந்தப் பிரச்சினை வரும்னு இந்தத் துறைல எல்லாருக்கும் தெரியும், அத நான் குறையா சொல்லல. அளந்தா கொஞ்சம் பாதிக்கும்தான். ஆனா அத மறைக்காம சொல்லணும்ல? இலவசமா கிடைக்கிற ஸ்கோர்-பி-ங்குற இதே மாதிரி டூல்ல ஸ்கோர்ப்-ஸ்கோர்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது ஒவ்வொரு ஃபங்ஷனும் எத்தன தடவ ஓடுச்சு, ஒரு தடவைக்கு எத்தன மைக்ரோசெகண்ட், ட்ரேஸ் (நடந்தத எல்லாம் நேரத்தோட வரிசையா குறிச்ச பதிவு) எடுத்தா எவ்ளோ பெருசாகும் எல்லாத்தையும் காட்டுது. அத பாத்து குட்டி ஃபங்ஷன ஃபில்டர் ஃபைல்ல எழுதி ஒதுக்கிட்டு மறுபடி ஓட்டலாம். காசு வாங்குற நீங்க அந்த ஒரு காலம கூட காட்டல.

அடுத்தது டைம்லைன், ட்ரேஸ ரேங்க் வாரியா கோடு போட்டு காட்டுற படம். ஒரு நாள் ராத்திரி மழை கொட்டிட்டு இருந்துச்சு, யாரும் வீட்டுக்கு கெளம்ப முடியல, அந்தப் பொண்ணு ஸ்க்ரீன ஜூம் பண்ணி பாத்துட்டு இருந்துச்சு, திடீர்னு "அண்ணா, இங்க பாருங்க, இந்த மெசேஜ் அனுப்புறதுக்கு முன்னாடியே போய் சேந்துருச்சு"ன்னு கூப்பிட்டுச்சு. போய் பாத்தா 37-ஆவது ரேங்க்லேருந்து 70-ஆவது ரேங்குக்கு போற மெசேஜ காட்டுற அம்பு பின்னால சாஞ்சு நிக்குது. ரெண்டு நோடோட கடிகாரமும் ஒத்துப் போகல, நீங்க அத சரி பண்ணவே இல்ல. ஸ்கோர்-பி ரன் ஆரம்பத்துலயும் முடிவுலயும் நோடுகளுக்கு நடுவுல கடிகார வித்தியாசத்த அளந்து வெச்சுக்குது, ஸ்கலாஸ்காங்குற இன்னொரு டூல் அதுக்கு மேலயும் ட்ரேஸ திருத்துது. உங்க டூல்ல ஒரு எச்சரிக்கை கூட வரல. இந்த ட்ரேஸ நம்பி எந்த ரேங்க் எதுக்கு காத்திருந்துச்சுன்னு நாங்க எப்படி சொல்றது?

அதே டைம்லைன்ல 128 ரேங்கும் நடுவுல பத்து பன்னெண்டு செகண்டு சும்மா நிக்கிற மாதிரி ஒரு பட்டை. எம்பிஐ காத்திருப்புன்னு பேர் போட்டுருந்தீங்க, ஸ்விட்ச் கெட்டுப் போச்சோன்னு ஆள கூப்பிட்டு கேபிள் மாத்துனோம். அது உங்க பஃபர் (டூல் தன்னோட குறிப்புகள சேத்து வெக்கிற மெமரி) நிரம்பி டிஸ்க்ல எழுதுன நேரம்! மெமரிய ஏத்துனதும் அந்தப் பட்டை காணாம போச்சு.

கடைசில நிஜமான காரணத்த எப்படி கண்டுபிடிச்சோம்னு சொல்றேன். எம்பிஐ-பி-ன்னு ஒரு சின்ன இலவச லைப்ரரி, லிங்க் பண்ணா போதும். 1994-ல வந்த மொத எம்பிஐ ஸ்டாண்டர்ட்லயே ஒவ்வொரு எம்பிஐ ஃபங்ஷனுக்கும் முன்னாடி பி எழுத்து சேத்த இன்னொரு பேர் உண்டு, நடுவுல புகுந்து அளக்குறதுக்காகவே வெச்சது, எம்பிஐ-பி அத மட்டும்தான் பயன்படுத்துது. எங்க ஃபங்ஷன்கள தொடாததால ரன் நேரம் கூடவே இல்ல. ரிப்போர்ட்ல ரேங்க் வாரியா பாத்தா ஆல்ரெட்யூஸ்ல (எல்லா ரேங்கும் தன் நம்பர குடுத்து ஒரே விடைய வாங்குற எம்பிஐ ஃபங்ஷன், கடைசி ரேங்க் வர்ற வரைக்கும் மத்தது நிக்கணும்) சில ரேங்க் பாதி நேரம் நிக்குது, சிலது நிக்கவே இல்ல. எந்த ரேங்க் எந்த ஏரியான்னு மேப்ல வெச்சு பாத்தோம். பல்லாவரம் மலை, பரங்கிமலை பக்கம் காஞ்ச நிலம், அந்த ரேங்குக்கெல்லாம் வேலையே இல்ல. பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் வேளச்சேரியும் வர்ற ரேங்க் எல்லா செல்லுலயும் தண்ணிய வெச்சுக்கிட்டு திணறுது, மத்தவன் எல்லாம் அதுக்காக நிக்கிறான். மேப்ப சம பரப்பா பிரிச்சது நான். தப்பு என்னோடது, அந்தப் பொண்ணோடது இல்ல. மெட்டிஸ்ங்குற, வேலைய சமமா பங்கு பிரிக்கிற டூல்ல ஈரமான செல்லுக்கு வெயிட் கூட்டி மறுபடி பிரிச்சோம், நாலு நாள் வேலை, இப்ப 27 நிமிஷம்.

இத எல்லாம் எழுதி உங்க சப்போர்ட்டுக்கு ரெண்டு டிக்கெட் போட்டேன். மொத டிக்கெட்டுக்கு நோடு எண்ணிக்கைய கூட்டுங்கன்னு பதில். ரெண்டாவதுக்கு "ட்ரேஸ் சரியா இருக்கு"ன்னு ஒரு வரி, மறுநாள் டிக்கெட்ட மூடிட்டீங்க. பின்னால போற அம்போட ஸ்க்ரீன்ஷாட்ட யாராவது திறந்தாச்சும் பாத்தீங்களா?

எனக்கு வேண்டியது இதுதான். மீதி இருக்குற மாசங்களுக்கு லைசென்ஸ் காசு திரும்ப வேணும், இந்த ட்ரேஸ் நம்பக் கூடியது இல்லன்னு எழுத்துல வேணும், ஏன்னா எங்க வேலை மதிப்பீட்டு ஃபைல்ல அந்த 54 சதவீத ரிப்போர்ட் அந்தப் பொண்ணு பேர்ல இருக்கு, அத எடுக்க எனக்கு ஒரு காகிதம் வேணும். அப்புறம் அடுத்த வெர்ஷன்ல ரிப்போர்ட் மொத வரில டூல் இல்லாம எவ்ளோ நேரம், டூலோட எவ்ளோ நேரம்னு ரெண்டு நம்பர் போடுங்க, பஃபர் எழுதுற நேரத்துக்கு தனி கலர் குடுங்க. இந்த வருஷம் இன்னும் எத்தன பேர் உங்க சிவப்பு கலர நம்பி தப்பான ஆள பிடிச்சு உக்கார வெச்சுருக்காங்களோ தெரியல.

ரெண்டு ட்ரேஸ் ஃபைலும், எம்பிஐ-பி ரிப்போர்ட்டும், பில்ட் கமாண்டும் இதோட சேத்து அனுப்பிருக்கேன். லைசென்ஸ் நம்பர் பழைய டிக்கெட்லயே இருக்கு. தயவுசெஞ்சு இந்த தடவ ட்ரேஸ திறந்து பாக்கத் தெரிஞ்ச இன்ஜினியர் கிட்ட குடுங்க, வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சுட்டா எங்களால ஃபோன் கூட எடுக்க முடியாது, அதுக்கு முன்னாடி பதில் வேணும்.

இப்படிக்கு,
பெருங்குடியிலேருந்து உங்க வாடிக்கையாளர்